கொலுக் குளத்தில் கிடந்த கண்ணாடிகள்

ஜெஸ்லினுக்கு உட்கார ஓர் இடம் கிடைத்தால் போதும், தூங்கிவிடுவாள். டவுன் பஸ்ஸின் ஜன்னலோரம், பல் டாக்டர் வீட்டு பெஞ்சு, ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் பிரசங்கத்தைத் தொடங்கி முதல் மூச்சு வாங்கும் இடைவெளி, எதுவானாலும் சரி. பக்கத்தில் இருக்கும் மாமியார் பாக்கியமேரி முழங்கையால் ஓர் இடி இடிப்பாள்.

"எந்திரிம்மா. சாமியார் இந்தப் பக்கமே பாக்குறாரு."

அந்த வீட்டில் எழுப்பிவிடுவது பாக்கியமேரியின் உத்தியோகம். மன்னார்புரத்தில் மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் அந்த வீட்டில் விடியுமுன் கேட்கும் முதல் குரல் அவளுடையது. மருமகளைச் சமையலுக்கு எழுப்புவாள், பேத்தி அனிஷாவை ஸ்கூலுக்கு எழுப்புவாள், மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருக்கும் மகனைப் போன் போட்டு அந்த ஊர் நேரத்துக்கு எழுப்புவாள். தூங்குகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. 'தூங்குன வீட்டுல உலை கொதிக்காது' என்று அவளே ஒரு பழமொழி செய்து வைத்திருந்தாள்.

ஜெஸ்லின் சோம்பேறி இல்லை. காலையில் சத்திரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். அந்த வேலையில் கௌரவம் உண்டு, நிரந்தரம் கிடையாது. மத்தியானத்துக்கு மேல் அதே கல்லூரியின் இயற்பியல் லேபில் பிஎச்.டி. மாணவி. முப்பத்தாறு வயதில் மாணவி என்று சொல்லிக்கொள்ள அவளுக்கே கூச்சமாகத்தான் இருந்தது. ஏழாவது வருடம் ஓடிக்கொண்டிருந்தது. பல்கலைக்கழகம் ஏற்கெனவே கெடுவை நீட்டிக் கொடுத்துவிட்டு, இனிமேல் இல்லை, ஜனவரி கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து என்று சொல்லிவிட்டது. ரத்தானால் ஏழு வருடமும் போச்சு. மறுபடி முதலிலிருந்து தொடங்க அவளிடம் வயதும் இல்லை, தெம்பும் இல்லை.

இத்தனைக்கும் அவள் செய்த வேலை கண்ணுக்குத் தெரியாது. அலங்காரத்துக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே தெரியாது. காலியம் என்று ஓர் உலோகம். உள்ளங்கையில் வைத்தால் உருகிவிடும். திருச்சியின் மே மாதத்தில் கைகூட வேண்டாம், அலமாரியிலேயே உருகிக் கிடக்கும். அதன் உப்பைத் தண்ணீரில் கரைத்து, சூடேறிய தட்டின் மேல் ஒரு சின்னத் தகட்டை வைத்து, கல்யாண வாசலில் பன்னீர் தெளிப்பதுபோல் தெளித்தால், தண்ணீர் ஆவியாகி, காலியம் ஆக்சைடு ஒரு படலமாகப் படியும். தலைமுடியின் கனத்தில் நூறில் ஒரு பங்குகூட இராது. நம் கண் காணும் ஒளியெல்லாம் அதை ஊடுருவிப் போய்விடும். வெயிலில் தரைக்கு வந்து சேராத, அதையும் தாண்டிய கடுமையான புற ஊதாக் கதிரை மட்டும் அது பிடித்து விழுங்கும். மின்கம்பியில் பொறி பறந்தாலோ எங்காவது தீப்பிடித்தாலோ அந்தக் கதிர் வரும். ஆகவே பட்டப்பகலிலும் வெயிலைக் கண்டு ஏமாறாமல் நெருப்பை மட்டும் காணும் கண் ஒன்றை இதை வைத்துச் செய்யலாம் என்று பல நாட்டுக்காரர்களும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதை ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே மாமியாருக்கு விளக்கினாள்.

"வெயிலே தெரியாத கண்ணா? எனக்கு ஒண்ணு செஞ்சு குடு. ரேஷன் கடையில நிக்க ஆவும்" என்றாள் பாக்கியமேரி.

படலம் எந்த இடத்தில் ஒளியை விழுங்கத் தொடங்குகிறதோ, அந்த எல்லைக்கு லேபில் பேண்ட் கேப் என்று பெயர். காலியம் ஆக்சைடுக்கு அது ஐந்து எலக்ட்ரான் வோல்ட்டுக்குச் சற்றுக் கீழே. ஜெஸ்லினின் ஆய்வு முழுக்க ஒரே கேள்விதான்: அதில் டின்னை, அதாவது வெள்ளீயத்தை, ஒரு சிட்டிகை கலந்தால் அந்த எல்லை நகருமா?

நகர்ந்தது. ஒரு சிட்டிகை கலந்ததுமே தடாலென்று நாலுக்கு இறங்கியது. பிறகு எவ்வளவு கலந்தாலும் அங்கேயே நின்றது.

அவளுடைய கைடு டாக்டர் அமிர்தசாமி அந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். துத்தநாக ஆக்சைடிலேயே தலை நரைத்தவர். வருகிற மே மாதம் ஓய்வு. ஜெஸ்லின்தான் அவருடைய கடைசி மாணவி.

"சாச்சுரேஷன்மா! இதுக்கு மேல டின் ஏறாது, அதான் நிக்குது. போற காலத்துல நமக்கு ஒரு நல்ல ரிசல்ட் குடுத்துட்டீங்க" என்றார்.

கோயம்புத்தூரில் ஒரு கருத்தரங்கில் அதைப் படித்தபோது சிறந்த கட்டுரை என்று ஒரு கேடயம் கொடுத்தார்கள். பாக்கியமேரி அதை வேளாங்கண்ணி மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினாள். கட்டுரை ஓர் ஆய்விதழுக்கும் போனது. ஆய்வேட்டின் ஐந்தாம் அத்தியாயம் அதுதான். மற்ற நான்கும் அதைத் தூக்கிப் பிடிக்க நின்ற கால்கள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்தப் படலத்தைச் சாதாரணக் கண்ணாடியில் போட்டு அளக்க முடியாது. அந்தக் கதிரைக் கண்ணாடியே விழுங்கிவிடும், படலத்தின் யோக்கியதை தெரியாது. அதனால் குவார்ட்ஸ் தகடு வேண்டும். பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி. லேபில் மற்றவர்கள் எல்லோரும் துத்தநாக ஆக்சைடு ஆட்கள், அவர்களுக்குக் கண்ணாடியே போதும். குவார்ட்ஸ் தேவைப்பட்டது ஜெஸ்லினுக்கு மட்டும். அருமையான சரக்கு என்பதால் அவள் ஒரு பழக்கம் வைத்திருந்தாள். ஒவ்வொரு கலவைக்கும் முதலில் ஒரு வெள்ளோட்டம். குழாய்மூக்கு சொட்டு விடுகிறதா, படலம் திட்டுத்திட்டாக விழுகிறதா என்று கண்ணாடியில் ஒருதரம் தெளித்துப் பார்த்துவிட்டு, அதே கரைசலைப் பிறகு குவார்ட்ஸில் தெளிப்பாள். வெள்ளோட்டக் கண்ணாடியும் தாங்கியில் கச்சிதமாக உட்கார வேண்டுமே என்று, குவார்ட்ஸ் அளவுக்கே கண்ணாடிக் கடையில் கொடுத்து நறுக்கி வாங்கி வைத்திருந்தாள். புத்திசாலித்தனம்தான். அந்தப் புத்திசாலித்தனம்தான் குடியைக் கெடுத்தது.

கிறிஸ்துமஸ் முடிந்து, கல்லூரி ஆளரவமில்லாமல் கிடந்த ஒரு மத்தியானம். மைக்ரோஸ்கோப்பில் படம் எடுக்க ஒரு சின்னத் துண்டு தேவைப்பட்டது. டின் கலந்த தகடு ஒன்றை எடுத்து, வைர முனைப் பென்சிலால் கோடு கிழித்து, இரு கட்டைவிரலாலும் அழுத்தினாள். குவார்ட்ஸ் பிடிவாதக்காரச் சாதி. கோட்டை மதிக்காது. பல்லைக் கடித்து அழுத்தினால் கோணல்மாணலாகப் பிளக்கும். இந்தத் தகடோ சமத்தாக, கோட்டோடு கோடாக, டிக்கென்று இரண்டாயிற்று.

ஜெஸ்லின் துண்டை ஜன்னலுக்குக் கொண்டுபோய் ஓரத்தைப் பார்த்தாள். இளம்பச்சை. ஜன்னல் கண்ணாடியின் ஓரத்தில் எல்லோரும் பார்த்திருக்கும் அதே பச்சை. குவார்ட்ஸின் ஓரம் தண்ணீராக இருக்கும், பச்சை இருக்காது. பெட்டியிலிருந்த தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். டின் கலக்காததெல்லாம் தண்ணீர் ஓரம். டின் கலந்தது அத்தனையும் பச்சை ஓரம்.

கடைசியாக, படலமே இல்லாத வெறும் கண்ணாடி ஒன்றை அளக்கும் கருவியில் வைத்தாள். கணினித் திரையில் கோடு நேராக வந்து, நாலில் தடாலென்று இறங்கியது. கேடயம் வாங்கித் தந்த அதே இடம். டின் எதையும் இறக்கவில்லை. இறக்கியது கண்ணாடி. எவ்வளவு கலந்தாலும் அங்கேயே நின்றதற்கும் அதுதான் காரணம். கண்ணாடி எங்கே நகரும்?

எப்படி நடந்தது என்று யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. ஆடி மாதத்தில் ஒருநாள் குவார்ட்ஸையும் கண்ணாடியையும் ஒன்றாக அமிலத்தில் கழுவி, டிஷ்யூ தாளில் இரண்டு வரிசையாகக் காயப் போட்டிருந்தாள். அனிஷாவுக்குக் காய்ச்சல் என்று ஸ்கூலிலிருந்து போன் வந்தது. போட்டது போட்டபடி ஓடினாள். சில நாள் கழித்து வந்து, எந்த வரிசை எந்தப் பெட்டிக்கு என்று பார்க்காமல், மனம் எங்கோ இருக்க, மாற்றி எடுத்து வைத்தாள். டின் கலந்த படலங்களையெல்லாம் அதற்குப் பிறகுதான் போட்டாள். படலம் போட்ட தகடுகளை வைத்துச் சுடும் லேபின் பெரிய அடுப்பு அந்தச் சமயம் கெட்டுக் கிடந்தது. அது வேலை செய்திருந்தால், அந்தச் சூட்டில் கண்ணாடி வளைந்து அன்றைக்கே குட்டு வெளிப்பட்டிருக்கும். எல்லாம் சேர்ந்தல்லவா வர வேண்டியிருக்கிறது! வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை.

அவளுக்கு அழுகை வரவில்லை. அழவும் தெம்பு வேண்டுமே.

மறுநாள் அமிர்தசாமியிடம் இரண்டு துண்டுகளையும் காட்டிச் சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"இருக்கிற நாள்ல மறுபடி போட்டுற முடியுமா?"

"காலியம் நைட்ரேட் தீந்துபோச்சு சார். ஆர்டர் போட்டா வரதுக்கே மார்ச் ஆயிடும்."

அவர் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு மெதுவாக, தனக்கே சொல்வதுபோல் சொன்னார்.

"எதுல போட்டதுன்னு எக்ஸாமினருக்குத் தெரியப் போறதில்ல. அவங்க தகட்டைக் கேக்க மாட்டாங்க. யோசிச்சுக்கங்கம்மா. நான் ஒண்ணும் சொல்லல."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறதென்பார்கள். இது பூசணிக்காய்கூட இல்லை, கண்ணுக்கே தெரியாத படலம். மறைக்கக்கூட வேண்டாம், சும்மா இருந்தால் போதும். டாக்டர் பட்டம் தானாக வந்து சேரும். ஜெஸ்லின் அதை யோசிக்காமல் இல்லை. நன்றாகவே யோசித்தாள். நேர்மை, சத்தியம் என்று பெரிய வார்த்தை எதுவும் அவள் மனதில் ஓடவில்லை. ஓடியது ஒரு பெண். அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு எங்கோ ஓர் ஊரில் ஒருத்தி டின் கலந்து கலந்து பார்ப்பாள். அவளுக்கு நாலு வரவே வராது. குறை தன் கையில்தான் என்று அவளும் வருடக்கணக்கில் தேய்வாள், பஸ்ஸில் தூங்குவாள், மாமியாரிடம் இடி வாங்குவாள்.

அன்று மாலை பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தும் அவள் தூங்கவில்லை. பாலக்கரை தாண்டும்போது ஒரு கேள்வி வந்தது. குவார்ட்ஸ் பெட்டிக்குள் கண்ணாடி வந்துவிட்டது, சரி. அப்படியானால் அந்தக் குவார்ட்ஸ் எங்கே போயிற்று?

கண்ணாடிப் பெட்டிக்கு. வேறெங்கே? இத்தனை நாள் அவள் வெள்ளோட்டம் விட்டதெல்லாம் குவார்ட்ஸில்! அதே கரைசல், அதே சூடு, அதே டின். மறுபடி போடவே வேண்டாம், போட்டாகிவிட்டது. எழுந்து நின்றுவிட்டாள். அடுத்த நிமிடமே பொத்தென்று உட்கார்ந்தாள். வெள்ளோட்டத் தகடுகளை அவள் லேபில் வைத்துக்கொள்ளவில்லை. போன நவராத்திரிக்குத் தோழி சுபஸ்ரீக்கு, கொலுவில் குளம் கட்ட, அள்ளிக் கொடுத்துவிட்டாள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதாவது பரவாயில்லை. இவள் வெண்ணெயைத் தானம் செய்துவிட்டு அலைந்தாள்.

சுபஸ்ரீ அதே லேபில் துத்தநாக ஆக்சைடில் பட்டம் முடித்தவள். ஸ்ரீரங்கத்தில் வாழ்க்கைப்பட்டு, பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறாள். பஸ்ஸிலிருந்தே ஜெஸ்லின் போன் போட்டாள்.

"சுபா, கொலுல குளம் வெச்சியே, அந்தக் கண்ணாடியெல்லாம் இருக்கா?"

"பரண்ல இருக்கணும்டி. இல்ல, பழைய பேப்பரோட போட்டுட்டேனான்னு ஞாபகம் இல்ல. ஏன், குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"நாளைக்கு வரேன். வந்து சொல்றேன்."

மறுநாள் ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி இராப்பத்துக் கூட்டம். பஸ்ஸைப் பாலம் தாண்டியதுமே நிறுத்திவிட்டார்கள். ஆந்திராப் பக்தர்கள் மூட்டை முடிச்சோடு போய்க்கொண்டிருந்த நெரிசலில் ஜெஸ்லினும் ராஜகோபுரம் வரை நகர்ந்து, அங்கிருந்து சித்திரை வீதிக்கு நடந்தாள். பரண் மேல் தகடுகள் இருக்க வேண்டுமே என்று வழியெல்லாம் அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டு போனாள். சொன்ன இடம் ரங்கநாதர் ராஜ்ஜியம் என்பது பாதி வழியில்தான் உறைத்தது. அவசரத்துக்கு யார் கேட்டால் என்ன?

சுபஸ்ரீ விஷயத்தைக் கேட்டதும் நெற்றியில் அடித்துக்கொண்டு ஏணியைக் கொண்டுவந்தாள். அவளுடைய மாமியார் வழியை மறித்தாள்.

"பொம்மைகளை விஜயதசமியன்னிக்குத் தூங்கப் பண்ணியாச்சு. அடுத்த நவராத்திரி வரைக்கும் எழுப்பப்படாது."

"பொம்மையைத் தொடமாட்டோம்மா. குளத்தை மட்டும் எடுத்துக்கறோம்."

மாமியார் கொஞ்சம் யோசித்தாள். சாஸ்திரத்தில் குளத்தைப் பற்றி ஒன்றும் நினைவுக்கு வரவில்லை போலிருக்கிறது.

"குளம் தூங்கறதில்ல. எடுத்துக்கோங்கோ" என்றாள்.

டிரங்குப் பெட்டியின் அடியில், தெப்பக்குளத்து அட்டைச் சுவருக்கும் மரத்தூள் பைக்கும் நடுவில், நியூஸ் பேப்பரில் சுருட்டிய பொட்டலம் ஒன்று இருந்தது. நீலத்தாளில் கோந்து போட்டு ஒட்டிய தகடுகள். ஒரு தகட்டின் மேல் ஒரு வாத்து பொம்மையின் கால் தடம்கூட இருந்தது. ஜெஸ்லின் ஒன்றைப் பிய்த்து, துப்பட்டாவில் துடைத்து, முற்றத்து வெளிச்சத்தில் ஓரத்தைப் பார்த்தாள். தண்ணீர் ஓரம். மூலையில் வைர முனையால் அவளே வைத்த புள்ளிகள் இருந்தன. எதில் எவ்வளவு டின் என்று வெள்ளோட்டத்துக்குக்கூட அடையாளம் வைக்கிற பிறவி அவள். நல்லவேளை.

"இதுல நான் தெப்போற்சவமே நடத்திருக்கேன்டி" என்று சுபஸ்ரீ சிரித்தாள். ஜெஸ்லின் சிரிக்கவில்லை.

"இப்பதான் சுபா எனக்குப் பயமா இருக்கு. டின் நெஜமா என்ன பண்ணுச்சுன்னு இதுல தெரிஞ்சிரும்."

"கொஞ்சமாவது எறங்கிருக்கும்டி."

"எறங்கலன்னா?"

சுபஸ்ரீ காபி போடப் போனாள்.

திங்கட்கிழமை, கோந்தெல்லாம் போகக் கழுவிய தகடுகளை ஜெஸ்லின் ஒவ்வொன்றாகக் கருவியில் வைத்தாள். அமிர்தசாமி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். முதல் கோடு வந்தது. ஐந்துக்குச் சற்றுக் கீழே. டின் கொஞ்சம் கூடியது, இரண்டாவது கோடு அதன் மேலேயே படுத்தது. மூன்றாவதும் அப்படியே. கடைசித் தகட்டை வைத்தாள். அந்தக் கோடும் வந்து, கூட்டத்தோடு கூட்டமாகப் படுத்துக்கொண்டது.

"ஒண்ணுமே இல்லையாம்மா?"

"ஒண்ணுமே இல்ல சார்."

பக்கத்து லேபில் யாரோ குழாயைத் திறந்து மூடினார்கள்.

அன்றிரவே ஐந்தாம் அத்தியாயத்தை அழித்துவிட்டு மறுபடி எழுதத் தொடங்கினாள். அவள் கலந்த அளவுகளில் டின் அந்த எல்லையை நகர்த்தவில்லை. முன்பு நகர்ந்ததாகக் கண்டது கண்ணாடியின் எல்லை. தவறு நேர்ந்த விதம் இது. இவ்வளவுதான் விஷயம். ஆய்வேட்டின் தலைப்பை மாற்றக் குழு கூட வேண்டும், அதற்கு நாள் இல்லை. ஆகவே 'டின் சேர்ப்பால் காலியம் ஆக்சைடு படலங்களில் விளையும் ஒளியியல் மாற்றங்கள்' என்று அட்டையில் கொட்டை எழுத்தில் இருக்க, மாற்றம் எதுவும் விளையவில்லை என்று உள்ளே எழுதினாள்.

மாதா சொரூபத்துக்குப் பக்கத்திலிருந்த கேடயத்தையும் எடுத்துப் பையில் வைத்தாள். பாக்கியமேரி பார்த்துவிட்டாள்.

"அத எங்கம்மா எடுத்துட்டுப் போற?"

"தப்பா வாங்கினது அத்தை. திருப்பி அனுப்பப் போறேன்."

விஷயத்தைக் கேட்டுக்கொண்ட பாக்கியமேரி, கேடயம் இருந்த இடத்தின் தூசியை முந்தானையால் துடைத்தாள்.

"அப்ப இந்த ஏழு வருசம்?"

ஜெஸ்லின் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். கதவைச் சாத்திக்கொண்டு எழுதப் போனாள்.

கடைசிக் கெடுவுக்கு முந்தின நாள் ஆய்வேட்டை அமிர்தசாமி மேசையில் வைத்தாள். கைடு கையெழுத்து இல்லாமல் பல்கலைக்கழகம் வாங்காது. அவர் ஐந்தாம் அத்தியாயத்தைத் திறந்து, ஒரு வரி விடாமல் படித்தார். ஜெஸ்லின் நின்றுகொண்டே இருந்தாள். உட்கார்ந்தால் தூங்கிவிடுவோமோ என்று பயம். அவர் மூடிவைத்துவிட்டு, பேனாவை எடுத்தார்.

"கையெழுத்துப் போட மாட்டேன்னு நெனச்சீங்களா?"

"ஆமா சார்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்." கையெழுத்துப் போட்டார். "கட்டுரையை வாபஸ் வாங்கிக்கிறோம்னு ஜர்னலுக்கு நேத்தே மெயில் அனுப்பிட்டேன். அன்னிக்கு அப்படிச் சொன்னதை மனசுல வெச்சுக்காதீங்கம்மா. எனக்கும் களைப்பா இருந்துச்சு."

மறுநாள் பல்கலைக்கழகத்தில் கவுண்டரை மூடப் போகும் நேரத்தில் ஆய்வேட்டை வாங்கிக்கொண்டார்கள். பிறகு மாதக்கணக்கில் காத்திருப்பு. அமிர்தசாமி ஓய்வு பெற்றார். ஆய்வேட்டைப் படித்த இரண்டு பேரில் ஒருவர் பரவாயில்லை என்று எழுதினார். இன்னொருவர், இதில் புதிதாக என்ன இருக்கிறது என்பதை வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், விளக்க வேண்டும் என்று எழுதினார். அந்த இன்னொருவர்தான் வைவாவுக்கு வந்தார்.

வைவா என்றால் நம் ஊரில் பாதி பரீட்சை, பாதி விசேஷம். கேசரி, போண்டா, காபிக்குச் சொல்ல வேண்டும், வீட்டு ஆட்கள் வந்து பின்வரிசையில் உட்கார வேண்டும். பாக்கியமேரி பூசைக்குக் கட்டும் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, அனிஷாவை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தாள். சுபஸ்ரீ லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். பேச்செல்லாம் ஆங்கிலத்தில் ஓடியது. பாக்கியமேரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. மருமகள் நிற்கும்போதே மேசையில் கை ஊன்றிக்கொள்வதும், கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடப்பதும் மட்டும் விளங்கியது. இத்தனை வருடம் விடியுமுன் எழுப்பியது தானல்லவா என்று ஒரு கணம் சுருக்கென்றது.

வந்தவர் கடைசியில் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துத் தமிழில் கேட்டார்.

"டின் சேத்தீங்க. ஒண்ணும் ஆகலை. சரி. அப்ப ஏழு வருஷம் பண்ணி என்னம்மா பிரயோஜனம்?"

பாக்கியமேரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அன்றைக்குத் தான் கேட்ட அதே கேள்வி.

ஜெஸ்லினிடம் தயார் பண்ணிய பதில் ஒன்று ஆங்கிலத்தில் இருந்தது. அது வாயில் வரவில்லை.

"எனக்கு அப்புறம் இதைச் செய்ய வர்றவங்க இருப்பாங்க சார். இதைப் படிச்சா, இந்த வழியில வர மாட்டாங்க. அவங்களுக்கு ஏழு வருஷம் மிச்சம்."

வந்தவர் அவளைப் பார்த்துவிட்டு, முன்னாலிருந்த தாளைப் பார்த்தார். வேறு கேள்வி இல்லை என்றார். எல்லோரையும் வெளியே அனுப்பி, மறுபடி உள்ளே கூப்பிட்டு, பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறோம் என்று படித்தார்கள். சுபஸ்ரீ கட்டிக்கொண்டாள். ஜெஸ்லின் பைக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அவளிடம் கொடுத்தாள். பச்சை ஓரத் தகடுகள், கேடயம் வாங்கியவை.

"இந்தா, உன் குளம்."

அமிர்தசாமி ஒரு போண்டாவைக் கையில் வைத்துக்கொண்டு, தின்னாமல், சிரித்துக்கொண்டு நின்றார்.

"பாஸா?" என்றாள் பாக்கியமேரி.

"பாஸ் அத்தை."

"பின்ன ஏன் அழுவுற?"

"ரொம்ப அசதியா இருக்கு அத்தை."

பாக்கியமேரி அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

சத்திரத்தில் கே.கே.நகர் பஸ் காலியாக நின்றது. ஜன்னலோரம் ஜெஸ்லின், பக்கத்தில் பாக்கியமேரி. கண்டக்டர் மகளிர் டிக்கெட் இரண்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போவதற்குள் ஜெஸ்லின் தூங்கிவிட்டாள். பாலக்கரையில் கூட்டம் ஏறியது. ஜங்ஷனில் இறங்கியது. தலை ஜன்னல் கம்பியில் இடித்தபோது பாக்கியமேரி அதை மெல்ல இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

மன்னார்புரம் வந்தது. டிரைவர் நிறுத்தினார். பாக்கியமேரியின் முழங்கை பழக்கத்தில் உயர்ந்தது. அப்புறம் மடியிலேயே இறங்கிவிட்டது.

"அம்மா, மன்னார்புரம்தானே கேட்டீங்க? எறங்குங்க" என்றார் கண்டக்டர்.

"இல்ல தம்பி. கடைசி ஸ்டாப் வரைக்கும் போறோம். திரும்பி வரையில எறங்கிக்குறோம்."

"அங்க என்னம்மா வேலை?"

"ஒரு வேலையும் இல்ல. மெதுவாப் பேசுங்க, டாக்டரம்மா தூங்குறாங்க."

விசில் ஊதாமல், கம்பியைக் கையால் தட்டினார் கண்டக்டர். பஸ் புறப்பட்டது. மருமகளின் தலை சரியாமலிருக்கப் பாக்கியமேரி தோளைக் கொஞ்சம் உயர்த்தி வைத்துக்கொண்டாள்.